மண்ணீரலும் மார்புச் சளியும்

சீன வைத்தியம் ஈராயிரம் வருஷத்துப் பழமையுடையதாகையால் அதில் பொய் இருக்கவே முடியாது என்பதாகச் சொல்லுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பழமை என்பது ஒரு சரக்கின் வயதைக் காட்டுமே தவிர, யோக்கியதையைக் காட்டாது. மூச்சுக்குழல் அழற்சி என்கின்ற ஒரு வியாதியை மாத்திரம் எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம்.

சீனத்துப் பழைய நூல்களில் இப்பெயரில் வியாதி கிடையாது. இருமல், கோழை, இரைப்பு என்பவற்றிலேயே அது அடங்கும். வைத்தியர் நாக்கைப் பார்ப்பார். இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று இடத்தில் நாடி பிடிப்பார். சளி வெளுத்து நீர்த்திருந்தால் குளிர்க்காற்று புகுந்தது என்பார். மஞ்சளாய்க் கெட்டிப்பட்டிருந்தால் வெப்பக்காற்று என்பார். இருமல் நாட்பட்டுவிட்டாலோ குற்றம் மண்ணீரலின் மேல் விழும். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்து மூலங்களில் மண்ணீரல் மண்ணாம், நுரையீரல் உலோகமாம். மண்ணிலிருந்து உலோகம் பிறப்பதால் மண்ணீரல் நலிந்தால் நுரையீரலும் நலியுமாம். கோழையை உண்டாக்குவது மண்ணீரலாம். நுரையீரல் அதைச் சேர்த்துவைக்கும் வெறும் பாத்திரமாம்!

கோழை சுரப்பது மூச்சுக்குழலின் உட்சுவரிலேயாகும். மண்ணீரலை அறுத்தெடுத்துவிட்ட மனிதனுக்கும் சளி கட்டத்தான் செய்கிறது. இதைச் சொன்னால், "நாங்கள் சொல்லும் மண்ணீரல் வயிற்றிலிருக்கும் அந்த உறுப்பல்ல, அது ஒரு இயக்கத்தின் பெயர்" என்று பதில் வருகிறது. தொட்டுச் சோதிக்கப் போனவுடன் சரக்கு சூட்சுமமாகிவிடுகிறது, பார்த்தீர்களா? இந்தத் தந்திரம் நம் வாசகர்களுக்குப் புதிதல்ல.

மருந்தெல்லாம் வீண் என்று நாம் சொல்லவரவில்லை. மா ஹுவாங் என்ற செடியை இலவங்கமரக் குச்சி, ஆப்ரிகாட் பருப்பு, அதிமதுரம் ஆகியவற்றோடு காய்ச்சும் கஷாயம், கி.பி. 200 வாக்கில் ஜாங் ஜோங்ஜிங் எழுதிய நூலிலேயே உள்ளது. அச்செடியின் சத்தாகிய எபெட்ரினை 1885-ல் ஜப்பானியராகிய நாகாய் நாகயோஷி பிரித்தெடுத்தார். 1924-ல் பீக்கிங்கில் சென், ஷ்மிட் என்ற இருவர் அதைச் சோதித்து வெளியிட்ட பிறகே அது உலகமெங்கும் இரைப்புக்கு மருந்தாயிற்று. அது மூச்சுக்குழலை விரிக்கிறது, அவ்வளவுதான். எந்தக் காற்றையும் விரட்டவில்லை. இரத்த அழுத்தத்தை ஏற்றி இருதயத்தைத் தாக்கவல்லது என்பதும் நாடி பிடித்துத் தெரிந்ததல்ல, சோதனையால் தெரிந்தது. 2004-ல் அமெரிக்கா அச்செடி கலந்த உணவுச் சேர்க்கைகளைத் தடுத்துவிட்டது. ஆப்ரிகாட் பருப்போ அளவு மீறினால் சயனைடு விஷமாகும்.

தவிரவும், திடீரென்று வரும் அழற்சி பெரும்பாலும் வைரஸினால் வருவது. இரண்டு மூன்று வாரத்தில் தானே போய்விடும். அதற்குள் எதைக் குடித்தாலும் குடித்ததற்கே கீர்த்தி! இதற்கு உதவாத ஆன்டிபயாட்டிக் மாத்திரையை எழுதிக்கொடுக்கும் டாக்டர்களும் இந்தக் கீர்த்தியில் பங்குதாரர்களேயாவார்கள்.

நமக்கு ஆத்திரம் வருவது வேறு இடத்தில். அடுத்தடுத்த இரண்டு வருஷங்களில், வருஷத்துக்கு மூன்று மாதம் சளியோடு இருமினால் அது நாட்பட்ட அழற்சி. அதற்கு முதற்காரணம் புகையிலைப் புகை. சீனாவில் ஆண்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் புகைக்கிறார்கள். சிகரெட் வியாபாரமோ சர்க்காரின் ஏகபோகம். புகைப்பதை நிறுத்தச் சொல்லும் சீன வைத்தியர்களும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புத்திமதி மண்ணிலிருந்தும் உலோகத்திலிருந்தும் பிறந்ததல்ல. "மண்ணீரல் நலிவு" என்று மட்டும் கேட்டுக்கொண்ட நோயாளி, கஷாயப் பொட்டலத்தை ஒரு பையிலும் சிகரெட் பெட்டியை மறு பையிலும் வைத்துக்கொண்டு நிம்மதியாய் வீட்டுக்குப் போகிறார்.