வேலை தேடும் பிள்ளைகளும் செல்போன் மேஸ்திரியும்

நம் பாட்டன்மார் காலத்தில் பஞ்சாலை வாசலைத் தாண்ட வேண்டுமானால், முதலில் மேஸ்திரியின் வீட்டு வாசலைத் தாண்ட வேண்டும். வேலைக்குச் சேர மாமூல், சேர்ந்த வேலை நிலைக்க மாமூல், லீவு முடிந்து திரும்பி வந்தால் மறுபடியும் மாமூல். வெள்ளைக்கார சர்க்கார் நியமித்த ராயல் லேபர் கமிஷன் தொழிலாளிக்குப் பரிந்து பேசுவதற்காக உட்கார்ந்த கமிஷன் அல்ல. அதுகூட 1931-ல் கொடுத்த அறிக்கையில் இந்த லஞ்சத்தை மறைக்க முடியவில்லை. ஆள் எடுக்கும் அதிகாரத்தை மேஸ்திரியிடமிருந்து எடுத்து லேபர் ஆபீசரிடம் கொடுக்க வேண்டும் என்று அது சிபாரிசு செய்தது.

இந்தப் பழைய கதை இப்போது எதற்கு என்று கேட்கலாம். காரணம் உண்டு. தறியில் நின்றும், நாற்று நட்டும், கடன் வாங்கியும் நாம் கல்லூரிக்கு அனுப்பிய பிள்ளைகள் இன்று கடைசி வருஷம் படிக்கிறார்கள். அவர்களுடைய வேலைக்கு வழி சொல்வதற்கென்றே கல்லூரியில் ஒரு இலாகா இருக்கிறது. ‘பிளேஸ்மெண்ட் செல்’ என்று அதற்குப் பெயர். அதற்கென்று சில கல்லூரிகளில் தனியாகப் பணமும் வசூலிக்கிறார்கள். அந்த அறைக்குள் போன ஒரு மில் தொழிலாளியின் மகளிடம் அங்கிருந்தவர் சொன்ன புத்திமதியை நாம் கேட்க நேர்ந்தது. “லிங்க்ட்இன்னில் கணக்குத் திற. கோட்டுப் போட்டுப் போட்டோ எடுத்துப் போடு. ஐந்நூறு பேரைச் சேர். தினமும் ஏதாவது எழுது. வேலை தானே வரும்.” இவ்வளவுதான். ஐந்து நிமிஷத்தில் பெண் வெளியே வந்துவிட்டாள். கோட்டுக்கு எங்கே போவது என்பதுதான் அன்றிரவு அந்த வீட்டில் நடந்த பேச்சு.

லிங்க்ட்இன் என்பது என்ன? 2003-ம் வருஷம் மே மாதம் அமெரிக்காவில் தொடங்கிய, உத்தியோகக்காரர்களின் சமூக ஊடகம். 2016-ல் மைக்ரோசாப்ட் கம்பெனி அதை 2,620 கோடி டாலருக்கு விலை பேசி வாங்கியது. சும்மா கிடைக்கும் ஒரு செயலிக்கு இவ்வளவு விலையா என்று வியக்க வேண்டாம். படிப்பு, வேலை, ஊர், முகம், பழக்கவழக்கம் என்று கோடிக்கணக்கான மனிதர்கள் தாங்களே எழுதிக் கொடுத்த விவரங்கள்தான் அங்கே சரக்கு. ஆள் தேடும் கம்பெனிகள் காசு கட்டி அந்தச் சரக்கைப் புரட்டிப் பார்க்கின்றன. பிள்ளைகளிடமும் “இன்னும் கொஞ்சம் பணம் கட்டினால் உன்னை முன்னால் காட்டுகிறோம்” என்று சந்தா கேட்கிறது. மேஸ்திரிக்காவது ஒரு முகம் இருந்தது. சங்கம் வைத்த பிறகு அந்த முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க முடிந்தது.

இப்படிச் சொல்வதால், செல்போனை உடைத்துப் போடு என்று நாம் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். யந்திரத்தின் மேல் நமக்குக் கோபம் கிடையாது. இதில் நம் பிள்ளைகளுக்கு உபயோகமான விஷயம் ஒன்று இருக்கிறது. அதை மறைப்பது நேர்மை ஆகாது. வேலை எங்கே காலி என்ற தகவல் யார் மூலம் வருகிறது என்பதை மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் ஆராய்ந்து 1973-ல் எழுதினார். நெருங்கிய சொந்தக்காரர்களைவிட, எப்போதோ பார்த்துப் பழகியவர்கள் மூலமே அந்தத் தகவல் அதிகம் வருகிறது என்று அவர் கண்டார். சொந்தக்காரனுக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும். தூரத்தில் இருப்பவனுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது அல்லவா? 2022-ல் லிங்க்ட்இன்னையே வைத்து சுமார் 2 கோடி பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு ‘சயன்ஸ்’ பத்திரிகையில் வந்தது. அரைகுறைப் பழக்கம்தான் வேலை மாறுவதற்கு அதிகம் உதவுகிறது என்று அதுவும் சொன்னது.

நம் வீட்டு நிலைமையோடு இதைப் பொருத்திப் பாருங்கள். டாக்டர் மகனுக்கும் மானேஜர் மகளுக்கும் அந்த அரைகுறைப் பழக்கம் பிறக்கும்போதே வந்துவிடுகிறது. அப்பாவின் சிநேகிதர், கிளப்பில் பார்த்தவர், கல்யாணத்தில் சந்தித்தவர் என்று பட்டணம் பூராவும் ஆள். வயலில் வேலை செய்கிறவருக்குத் தெரிந்தவர்களும் வயலில்தான் வேலை செய்கிறார்கள். இந்த வேலியைத் தாண்ட ஒரு கருவி கிடைத்தால் அதை ஏன் விடவேண்டும்? அதே கல்லூரியில் பத்து வருஷம் முன்னால் படித்து இன்று பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு, நம் பெண் நாலு வரி எழுதிக் கேட்கலாம்.

ஆனால் முன்பின் தெரியாத ஒருவருக்கு எழுத அந்தப் பெண்ணுக்குக் கூச்சம். ஆங்கிலத்தில் எழுத இன்னும் பயம். எழுதினால் பதில் வருவதும் நிச்சயமில்லை. அந்த இடத்தில்தான் கல்லூரி இருக்க வேண்டும். பழைய மாணவர்களின் ஜாபிதா அதன் கையில்தானே இருக்கிறது? அதிகாரி அவர்களைக் கூப்பிட்டுப் பேசி, “இந்த வருஷம் எங்கள் பிள்ளைகள் இத்தனை பேர், ஆளுக்கு இரண்டு பேருக்கு நீங்கள் வழி சொல்லுங்கள்” என்று கேட்டு ஒரு வாட்ஸ்அப் குழு அமைத்தால், அதற்குச் செலவு ஒரு காசு கிடையாது. இதைச் செய்யாமல் ‘ஐந்நூறு பேரைச் சேர்’ என்று அனுப்பிவிடுவது, நீந்தத் தெரியாதவனைக் கிணற்றடியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதுதான்.

போட்டோ போடு, பெயர் போடு, ஊர் போடு என்கிறார்களே, அதையும் யோசிக்க வேண்டும். சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரண்டு அறிஞர்கள் பத்திரிகைகளில் வந்த தனியார் கம்பெனி விளம்பரங்களுக்கு மனுக்கள் அனுப்பிப் பார்த்தார்கள். படிப்பும் தகுதியும் ஒன்றே. பெயர் மட்டும் வேறு. தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும், மேல்ஜாதி இந்துப் பெயருக்கு வந்த அளவு அழைப்பு வரவில்லை. 2007-ல் இதை அவர்கள் வெளியிட்டார்கள். அன்று காகிதத்தில் பெயர் மட்டும் இருந்தது. இன்று முகமும், பள்ளிக்கூடமும், யாரோடு சேர்ந்து நின்று போட்டோ எடுத்தான் என்பதும் சேர்ந்தே போகிறது. விளம்பரம் கண்ணில் படுவதே கம்பெனியின் இஷ்டம். அமெரிக்காவில் பெரிய பெரிய கம்பெனிகள் பேஸ்புக்கில் வேலை விளம்பரம் கொடுக்கும்போது, குறிப்பிட்ட வயதுக்காரர்களுக்கு மட்டும் தெரியும்படி வைத்தது 2017-ல் அம்பலமாயிற்று. வயதானவர்களுக்கு அப்படி ஒரு வேலை இருந்ததே தெரியாது. கதவை மூடினால் தட்டலாம். கதவு இருப்பதையே காட்டாவிட்டால் என்ன செய்வது?

நம் நாட்டில் 1959-ல் ஒரு சட்டம் வந்தது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் ஸ்தாபனங்களும் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்றது அது. அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டது! பிற்பாடு 2020-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அதைக் கரைத்துவிட்டார்கள். ஓட்டை உடைசலான சட்டமானாலும், காலியிடம் என்பது ஊரறியச் சொல்ல வேண்டிய விஷயம் என்ற எண்ணம் அதில் இருந்தது.

இனி நம் வயிற்றைக் கலக்கும் விஷயத்துக்கு வருவோம். டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் ‘வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை’ என்று வரும் விளம்பரங்கள். தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போன இந்திய வாலிபர்களை, எல்லை தாண்டி மியான்மரில் மியாவாடி பகுதியில் அடைத்து வைத்து, செல்போன் மூலம் மற்றவர்களை ஏமாற்றும் வேலையைச் செய்யும்படி நிர்ப்பந்தித்தார்கள். தமிழ்நாட்டு வாலிபர்களும் அதில் மாட்டினார்கள். மத்திய வெளிநாட்டு இலாகா 2022 செப்டம்பரில் எச்சரிக்கை விட்டது. மீட்கப்பட்டவர்களில் நம் பிள்ளைகள் சிலர் அந்த அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தார்கள். வலை விரிக்கப்பட்டது படிக்காதவர்களுக்கு அல்ல, கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்கு. கல்லூரியில் கிடைக்காத வேலையை அவர்கள் செல்போனில் தேடினார்கள்.

ஆகவே வீட்டில் சொல்லி வையுங்கள்: சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகச் சொன்னால் அது மோசடி என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஏஜெண்ட் மத்திய சர்க்காரிடம் பதிவு பெற்றவரா என்று குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். உள்ளூர் வேலைக்குப் ‘பதிவுக் கட்டணம்’, ‘பயிற்சி டெபாசிட்’ என்று செல்போனில் பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பக் கூடாது. அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்ய வேண்டும். பெண் பிள்ளைகள் போன் நம்பரையும் வீட்டு விலாசத்தையும் யார் யாரோ இருக்கும் குழுக்களில் போடக் கூடாது. இவையெல்லாம் கல்லூரி அதிகாரி முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடங்கள். குழுவில் ஒரு விளம்பரத்தை அவர் தள்ளிவிடுகிறார் என்றால், அந்தக் கம்பெனியை விசாரித்த பிறகே தள்ள வேண்டும். அதே விளம்பரத்தைக் கரும்பலகையிலும் எழுதிப் போட வேண்டும். ரீசார்ஜ் தீர்ந்த பிள்ளை அந்த வாரம் வேலையை இழக்க வேண்டுமா?

கல்லூரிகள் சமூக ஊடகத்தை நன்றாக உபயோகிக்கும் இடம் ஒன்றுண்டு. அது விளம்பரம். நல்ல சம்பளத்தில் சேர்ந்த நாலு பிள்ளைகளின் படத்தைப் போட்டு ‘நூற்றுக்கு நூறு வேலை’ என்று முழங்குகிறார்கள். படத்தில் இல்லாத பிள்ளைகள் எங்கே? இதற்குப் பதில் தேட ஒரு வழி இருக்கிறது. மத்திய சர்க்காரின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் கலந்துகொள்ளும் கல்லூரிகள், எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுமட்டச் சம்பளம் எவ்வளவு என்ற கணக்கைக் கொடுக்க வேண்டும். தங்கள் இணையதளத்திலும் போட வேண்டும். நடுமட்டம் என்றால், வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவனின் சம்பளம். போஸ்டரில் இருக்கும் சம்பளத்தையும் அந்தச் சம்பளத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால், ஒரு நாள் கூலி போனாலும் போங்கள். தனியாகப் போகாமல் அதே கல்லூரியில் பிள்ளை படிக்கும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள். அந்தக் கணக்குக் காகிதத்தைப் பிள்ளையிடம் சொல்லி எடுத்து வைத்துக்கொண்டு, வேலைவாய்ப்பு அறையில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு பிள்ளைக்கு எத்தனை மணி நேரம் கொடுக்கிறார்கள் என்று எழுந்து நின்று கேளுங்கள்.