பீடிக்கு மட்டும் ஏன் இந்தப் பரிவு?

சிகரெட்டின் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 2026 பிப்ரவரி 1 முதல் 40 சதவீதம். அதற்கு மேல், ஆயிரம் சிகரெட்டுகளுக்கு அவற்றின் நீளத்தைப் பொறுத்து 2,050 ரூபாய் முதல் 8,500 ரூபாய் வரை கலால் தீர்வை. இதற்கு வழிவகுத்த கலால் திருத்த மசோதாவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. புகைப்பழக்கத்தைக் குறைக்க விலையை உயர்த்துவதே பயனுள்ள வழி என்று உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறது. அந்த வகையில் மத்திய அரசின் இந்த நடவடிக்கை வரவேற்கத்தக்கதே.

ஆனால், சிகரெட்டுக்கு வரி உயர்ந்த அதே நாளில் பீடிக்கு வரி குறைந்தது. 28 சதவீதமாக இருந்தது 18 சதவீதமாக்கப்பட்டது. பீடி சுற்றப் பயன்படும் இலையின் மீதான வரி அதற்கு முன்பே, 2025 செப்டம்பரில், 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டுவிட்டது. சர்க்கரை சேர்த்த குளிர்பானம் உடல்நலத்துக்குக் கேடு என்று அதற்கு 40 சதவீத வரி விதிக்கும் அரசு, பீடிக்குத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு இணையான வரியே போதும் என்று முடிவு செய்திருக்கிறது. சரக்கு மற்றும் சேவை வரி அறிமுகமான 2017-லும் இதே கதைதான். சிகரெட்டுக்கு இழப்பீட்டுக் கூடுதல் வரி விதிக்கப்பட்டது. பீடிக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது.

இந்தியாவில் அதிகம் பேர் புகைப்பது பீடியா, சிகரெட்டா என்ற கேள்விக்கு அரசின் ஆய்வே விடை தருகிறது. 2016-17-ஆம் ஆண்டின் வயதுவந்தோர் புகையிலைப் பயன்பாட்டு ஆய்வின்படி, சிகரெட் புகைப்போர் 4 சதவீதம். பீடி புகைப்போர் 7.7 சதவீதம், அதாவது ஏழு கோடிப் பேருக்கும் மேல். இவர்களில் பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்கள், விவசாயிகள், கிராமப்புற ஏழைகள். நோய் வந்தால் குடும்பமே கடனில் மூழ்கும் நிலையில் இருப்பவர்கள்.

புகை உடலுக்குள் என்ன செய்கிறது என்பது மருத்துவ உலகில் என்றோ முடிந்துபோன விவாதம். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் பிராணவாயு அமர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நிகோடின் ரத்த நாளங்களைச் சுருக்கி இதயத்தின் துடிப்பை விரைவுபடுத்துகிறது. மூச்சுக்குழாயில் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் செயலிழக்கின்றன. தார் நுரையீரலில் படிகிறது. வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், தீராத மூச்சிறைப்பு என்று விளைவுகளின் பட்டியல் நீள்கிறது.

பீடியில் புகையிலையின் அளவு சிகரெட்டில் இருப்பதைவிடக் குறைவு. அதனால் தீங்கும் குறைவு என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உண்மை வேறு. பீடி இலையில் காற்று எளிதில் ஊடுருவாது. அடிக்கடி அணைந்துபோகும் பீடியை எரிய வைக்கப் புகைப்பவர் பலமுறை, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. அதன் விளைவாக நிகோடினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் குறையாமல், சிகரெட்டைவிடக் கூடுதலாகவே உள்ளே செல்கின்றன. நுரையீரலுக்கு ஏழையின் புகை, பணக்காரரின் புகை என்ற பேதம் தெரியாது.

இதற்கான சான்றுகளைத் தேடி வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களைப் பற்றிய ஆய்வு 2003-இல் 'லான்செட்' இதழில் வெளியானது. காசநோயால் இறக்கும் ஆபத்து புகைக்காதவர்களைவிடப் புகைப்பவர்களுக்கு நான்கு மடங்குக்கும் அதிகம் என்பதை அது நிறுவியது. நாடு தழுவிய மற்றோர் ஆய்வு 2008-இல் வெளியானது. பீடி புகைக்கும் ஆண்கள் ஏறத்தாழ 6 ஆண்டுகளும், பீடி புகைக்கும் பெண்கள் 8 ஆண்டுகளும், சிகரெட் புகைக்கும் ஆண்கள் 10 ஆண்டுகளும் ஆயுளை இழக்கிறார்கள் என்றது அது. காசநோயை ஒழிக்கத் திட்டங்களை அறிவிக்கும் அரசு, அந்நோயின் கூட்டாளிக்கு வரிச் சலுகை தருவது முரண்பாடு.

இத்தனைக்குப் பிறகும், புகையிலைக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு காட்டும் இந்திய ஆய்வு எதுவும் இல்லை என்ற வாதம் 2015-இல் தில்லியில் ஒலித்தது. அதை முன்வைத்தவர், துணைநிலைச் சட்டங்களுக்கான மக்களவைக் குழுவின் தலைவர் திலீப் காந்தி. பீடித் தொழிலதிபரான அலாகாபாத் உறுப்பினர் ஷ்யாம சரண் குப்தாவும் அதே குழுவில் இடம்பெற்றிருந்தார். குழுவின் பரிந்துரையை ஏற்று, 2015 ஏப்ரல் 1 முதல் உறைகளின் 85 சதவீதப் பரப்பில் அச்சிடப்பட வேண்டிய எச்சரிக்கைப் படத்தை அரசு தள்ளிப்போட்டது. ஓராண்டு கழித்தே அது நடைமுறைக்கு வந்தது. பொது இடங்களில் புகைப்பதற்கான தடையை 2008 அக்டோபர் 2 முதல் கடுமையாக்கி, அன்புமணி ராமதாஸ் அமைச்சராக இருந்தபோது சுகாதார அமைச்சகம் காட்டிய உறுதி, பீடி என்று வரும்போது எல்லா ஆட்சிகளிலும் தளர்ந்துபோவதே வழக்கமாக இருக்கிறது.

பீடிக்குச் சலுகை தருவோர் சொல்லும் காரணம் ஒன்றே: தொழிலாளர்களின் வாழ்வாதாரம். இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத், மத்தியப் பிரதேசத்தின் சாகர், தெலங்கானாவின் நிஜாமாபாத், தமிழகத்தின் திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்கள் என்று நாடெங்கும் சுமார் 50 லட்சம் பேர் பீடித் தொழிலை நம்பியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் அமர்ந்து சுற்றும் பெண்கள். நாள் முழுவதும் புகையிலைத் தூளைச் சுவாசித்தும், விரல் வழியாக நிகோடினை ஏற்றும், நோயை முதலில் வாங்கிக்கொள்பவர்களும் அவர்களே.

வரிச் சலுகை அந்தப் பெண்களைச் சென்றடைகிறதா என்பதே கேள்வி. வரி குறைந்தால் விற்பனை பெருகும். லாபம் உற்பத்தியாளருக்கும் இடைத்தரகருக்கும் போய்ச் சேரும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று நிர்ணயிக்கப்படும் கூலி அதனால் தானாக உயர்ந்துவிடாது. தொழிலாளர்களின் மருத்துவத்துக்கும் வீட்டு வசதிக்கும் அவர்களது பிள்ளைகளின் கல்விக்குமென்று 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பீடியின் மீது ஒரு நல வரி வசூலிக்கப்பட்டது. சரக்கு மற்றும் சேவை வரி வந்ததோடு 2017-இல் அதுவும் கைவிடப்பட்டது. தொழிலாளியின் பெயரைச் சொல்லித் தொழிலுக்குச் சலுகை தந்தவர்கள், தொழிலாளிக்கென்றே இருந்த நிதி ஆதாரத்தை அடைத்துவிட்டார்கள்.

செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. பீடிக்கும் சிகரெட்டுக்கும் இடையிலான வரி இடைவெளியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதில் கிடைக்கும் கூடுதல் வருவாயில் ஒரு பகுதியை, நல வரியின் இடத்தை நிரப்பும் வகையில், பீடித் தொழிலாளர்களுக்கென்றே சட்டப்படி ஒதுக்க வேண்டும். தையல், உணவுப் பதப்படுத்துதல் போன்ற மாற்றுத் தொழில்களுக்கான பயிற்சியும் கடனும், பீடி சுற்றும் பெண்களின் வீட்டு வாசலுக்கே வர வேண்டும். புகைப்பதை விட நினைப்போருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆலோசனையும் மருந்தும் கிடைக்க வேண்டும். வரியோடு இவையும் சேர்ந்து வந்தால்தான் ஏழையைத் தண்டிக்கும் வரி என்ற குற்றச்சாட்டுக்கு இடமிருக்காது.

பீடியை மலிவாக வைத்திருப்பது ஏழைக்குச் செய்யும் உதவி என்று சரக்கு மற்றும் சேவை வரிக் கவுன்சில் கருதுமானால், மலிவாகக் கிடைத்த அந்தப் பீடிக்கு ஏழை பின்னர் மருத்துவமனையில் செலுத்தும் விலையையும் அது கணக்கில் சேர்க்கட்டும். கவுன்சிலின் அடுத்த கூட்டத்தில் இந்தக் கணக்கை எழுப்பும் கடமை, அதில் அங்கம் வகிக்கும் எல்லா மாநிலங்களுக்கும் உண்டு.