அறத்திற்குக் காவலாளி யார்?

மதம் மறைந்தால் மனிதன் மிருகமாவான் என்கிறார்கள். மேலே ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற அச்சம் அகன்றுவிட்டால், கணக்கெழுதுபவன் கையாடுவான், கடைக்காரன் எடை குறைப்பான், வலியவன் எளியவனை வதைப்பான், வையகமே வழிப்பறிக்காரர் விடுதியாகிவிடும் என்று அஞ்சுகிறார்கள். இப்படிச் சொல்பவர்களில் பலர் நல்லவர்கள். ஆகவேதான் இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரம்பலூர் வட்டாரத்திலே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைக்கும் நமது செவியிலே இந்தப் பேச்சு அன்றாடம் விழுகிறது. "சாமி பயம் இல்லை, அதனால்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள்" என்று பெற்றோர் முறையிடுகின்றனர். பேச்சு மிகப் பழையது. அது உண்மையா என்று உரைத்துப் பார்ப்போர்தான் குறைவு. உரைத்துத்தான் பார்ப்போமே!

பெரம்பலூர்க் கடைத்தெருவுக்கு வாருங்கள். சின்ன வெங்காயம் சாக்குச் சாக்காக வந்து இறங்குகிறது. கடையின் சுவரிலே சாமி படம், படத்துக்குப் பூச்சரம், எதிரே ஊதுவத்தி. படத்துக்கு நேர் கீழே தராசு. அந்தத் தராசிலே என்ன இருக்கிறது? அரசாங்க முத்திரை! தொழிலாளர் துறை அலுவலர் சோதித்துப் பார்த்துப் பொறித்த முத்திரை. "படம் இருக்கும்போது முத்திரை எதற்கு?" என்று எந்த வணிகராவது கேட்டதுண்டா? கேட்டால் வாங்க வந்தவர் விட்டுவிடுவாரா? படத்தை வணங்குபவரும் முத்திரையைத்தான் பார்க்கிறார். பக்தி அவருடைய நெஞ்சில் இருக்கிறது. நம்பிக்கையோ எடைக்கல்லில் இருக்கிறது.

கடைத்தெருவாவது போகட்டும், ஆலயத்துக்கே போவோம். எல்லாம் அறிந்த ஆண்டவன் எதிரே இருக்கிறான். அவன் முன்னே இருக்கும் உண்டியலுக்குப் பூட்டு இருக்கிறது! அதைத் திறக்கும் நாளிலே அலுவலர்கள் அமர்ந்து, ஆட்கள் சூழ, எண்ணிக் கணக்கெழுதுகிறார்கள். இதிலே கேலிக்கு இடமில்லை; இது நல்ல ஏற்பாடு. ஆனால், அச்சமே காவல் என்பவர்கள் அந்தப் பூட்டுக்குப் பொருள் சொல்லட்டும்.

அரியலூர் மாவட்டத்திலே உடையார்பாளையம் வட்டத்தில் சிரீபுரந்தான் என்றோர் ஊர். சோழர் காலத்துச் சிவன் கோயில் அங்கே உண்டு. அந்தக் கோயிலின் ஆடவல்லான் திருமேனி 2006ஆம் ஆண்டிலே களவு போயிற்று. கடல் கடந்தது, நியூயார்க்கிலே கடை வைத்திருந்த கலைப்பொருள் வணிகர் சுபாஷ் கபூரின் கைக்குப் போயிற்று, போலிப் பத்திரங்கள் பூண்டது, 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் சுமார் 50 இலட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து அதை வாங்கியது. அதே வட்டாரத்துச் சுத்தமல்லியில் வரதராசப் பெருமாள் கோயில் திருமேனிகளும் களவாடப்பட்டன. கடவுள் பெயரைச் சொல்லிக் காவல் காக்கலாம் என்றால், கடவுள் உருவையே காக்க முடியவில்லையே, ஏன்?

அதனினும் கருதத்தக்கது, அந்தச் சிலை திரும்பி வந்த கதை. எந்தச் சாபமும் அதை மீட்கவில்லை. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்னாளிலே எடுத்துப் பத்திரமாக வைத்திருந்த ஒளிப்படம் மீட்டது. படத்தையும் சிலையையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆர்வலர்களின் கூரிய கண் மீட்டது. காவல் துறையின் விசாரணை மீட்டது. 2014 செப்டம்பரிலே ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அப்பாட் தில்லிக்கு வந்து திருப்பிக் கொடுத்தார். 2022 நவம்பரிலே கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. ஒளிப்படத்தைப் பேணியவர்களும் ஒப்பிட்டவர்களும் ஆத்திகரா நாத்திகரா என்று நாம் கேட்கவில்லை. கேட்கத் தேவையுமில்லை! பொய்யைப் பொய் என்று சொல்ல வேண்டும் என்ற பொறுப்பு அவர்களிடம் இருந்தது, அது போதுமாயிருந்தது.

பொறுப்பு என்றதும் அரியலூருக்கு வேறொரு நினைவும் வரும். 1956 நவம்பர் 23. பெருமழை, மருதையாற்றிலே வெள்ளம். பாலம் பழுதுற்றது, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற விரைவு வண்டி ஆற்றிலே வீழ்ந்தது. 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆண்டவன் சித்தம் என்று சொல்லி ஆறுதல் பெற அன்று எவ்வளவோ வழி இருந்தது. மழையை எந்த மந்திரி பொழிவித்தார்? வெள்ளத்தை எந்த அதிகாரி அனுப்பினார்? ஆயினும் இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி அப்படிச் சொல்லி ஒதுங்கவில்லை. பொறுப்பைத் தம்மேல் ஏற்றுப் பதவி விலகினார். சாஸ்திரியார் தெய்வ நம்பிக்கை உடையவர்தாம். அதை மறைத்து வாதாட நமக்கு விருப்பமில்லை. ஆனால், அந்த நேரத்திலே அவர் மேலே கைகாட்டவில்லை, மாண்டவர்களைப் பார்த்தார். நம்பிக்கையாளரும் அறவோராக நிற்கும் கணத்திலே மனிதருக்குத்தான் பதில் சொல்கிறார் என்பதற்கு இதைவிடச் சான்று என்ன வேண்டும்?

இன்னும் ஒரு கேள்வி. ஒழுக்கம் மதத்திலிருந்து பிறந்தது என்றால், மதத்தின் பெயரால் நடந்த கொடுமையைக் கொடுமை என்று கண்டுகொண்டது எந்தக் கண்? சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிட்டது சமயச் சடங்காக நடந்தது. டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் சட்டமன்றத்திலே போராடினார். 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்து அந்த வழக்கத்தை ஒழித்தது. பிறவியைக் காட்டி மனிதனைத் தீண்டாதே என்றார்கள். அதற்கும் ஆகமம் காட்டினார்கள். அரசியல் சட்டத்தின் பதினேழாவது விதி தீண்டாமையை ஒழித்தது. இன்று பக்தர்களே இவற்றுக்காக வெட்கப்படுகிறார்கள். வெட்கப்படச் செய்தது எது? மதத்துக்கு வெளியே நின்று மதத்தையே எடைபோடும் தராசு ஒன்று மனிதன் நெஞ்சிலே இருக்கிறது. அதற்குப் பெயர்தான் அறம்.

கிரேக்க நாட்டிலே சாக்ரடீஸ் இதைத்தான் கேட்டதாகப் பிளேட்டோ எழுதி வைத்தார். தேவர்கள் விரும்புவதால் ஒன்று நல்லதாகிறதா, நல்லதாயிருப்பதால் தேவர்கள் அதை விரும்புகிறார்களா? முன்னது என்றால், நாளை அவர்கள் கொலையை விரும்பினால் கொலையும் நல்லதாகிவிடும். பின்னது என்றால், நன்மை தேவர்களுக்கும் முந்தியது. நம் நாட்டுக்கும் இந்தச் சிந்தனை புதிதன்று. உலகைப் படைத்த கடவுள் ஒருவன் உண்டு என்பதை ஏற்காதவர்கள் சமணர், பௌத்தரும் அவ்வாறே. நாலடியாரும் மணிமேகலையும் அந்தச் சமயங்களைச் சார்ந்தோர் தமிழுக்குத் தந்த செல்வங்கள். படைத்தவனை ஏற்காததால் அவர்கள் அறத்தை இழந்தார்களா? அறத்தை நமக்குக் கற்பித்தார்கள்!

கடவுள்மீது ஆணையிடாதவன் சொல்லை நம்பலாமா என்ற ஐயம் இங்கிலாந்தையும் ஒருகாலத்தில் ஆட்டிப்படைத்தது. 1880இல் நார்தாம்டன் மக்கள் தேர்ந்தெடுத்த சார்லஸ் பிராட்லா என்ற நாத்திகரை, நாடாளுமன்றம் ஆறாண்டுக் காலம் வாசலிலே நிறுத்தியது. தொகுதி மக்களோ அவரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தனர். 1888இல் சட்டமே மாறியது. உறுதிமொழி போதும் என்றாயிற்று. நம் அரசியல் சட்டமும் இரு வழியையும் திறந்து வைத்திருக்கிறது. கடவுள் பெயரால் ஆணையிடலாம். உளமார உறுதி கூறலாம். இரண்டுக்கும் மதிப்பு ஒன்றே. ஆணையிட்டவரெல்லாம் சொன்ன சொல்லைக் காத்தாரா, உறுதி கூறியவரெல்லாம் தவறினாரா என்பதை வாசகரின் அனுபவத்துக்கே விடுகிறோம்.

ஏழைக்கு உணவிட்ட அடியார் இல்லையா, நோயாளிக்குத் தொண்டு செய்த துறவியர் இல்லையா என்பார்கள். உண்டு. வணங்குகிறோம் அவர்களை! பசித்தவன் முகத்தைப் பார்த்து இரங்கினார்களே, அந்த இரக்கத்தை வணங்குகிறோம். அது நாத்திகனிடமும் இருக்கக் காண்கிறோம்; ஆத்திகனிடம் இல்லாமலிருக்கவும் காண்கிறோம்.

வகுப்பறையிலே பார்க்கிறோம். முதல் வகுப்புக் குழந்தைக்குச் சொர்க்கமும் தெரியாது, நரகமும் தெரியாது. ஆனால் ஒருவனுக்கு இரண்டு மிட்டாயும் மற்றவனுக்கு ஒன்றும் கொடுத்துப் பாருங்கள், "இது நியாயமா?" என்று கேட்கும்! அடிபட்டவன் அழுதால் அருகிலிருப்பதும் அழும். அந்த முளைக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் வீட்டின் வேலை, பள்ளியின் வேலை. அதை விட்டுவிட்டு, "பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்" என்கிறோம். பொய் சொல்கிறது பிள்ளை. கண்ணோ நன்றாயிருக்கிறது! அன்றைக்கே அது என்ன கற்றுக்கொள்கிறது? பொய்யால் கேடில்லை என்று! பயமுறுத்தி வளர்த்தவனுக்குப் பயம் நீங்கும் நாளிலே கையிலே எதுவும் மிஞ்சுவதில்லை. பயம் நீங்காதவனோ பரிகாரம் தேடுகிறான். ஊரை ஏய்த்துச் சேர்த்த பணத்திலே ஒரு பங்கை உண்டியலில் போட்டுவிட்டு உறங்கப் போகிறான். ஏய்க்கப்பட்டவனுக்கு என்ன பரிகாரம்?

ஆகவே பெற்றோரை வேண்டுகிறோம். கோயிலுக்குப் போகிறவர் போங்கள், போகாதவர் போகாதிருங்கள். ஆனால் பிள்ளை கேட்கும்போது, "பொய் சொன்னால் உன்னை நம்பியவன் ஏமாறுவான், எடை குறைத்தால் ஓர் ஏழையின் உலையிலே அரிசி குறையும்" என்று காரணத்தைச் சொல்லுங்கள். காரணம் தெரிந்து நல்லவனாயிருப்பவனுக்கு மேலே ஒரு காவலாளி தேவையில்லை. அவன் உள்ளமே அவனுக்குக் காவல். அத்தகைய பிள்ளைகளை வளர்ப்பதே நம் கடன். மருதையாற்றுக்கு மேலே நாளைக்கு ஓடும் வண்டிகளை அவர்கள் கையில்தான் ஒப்படைக்கப் போகிறோம்.