‘சும்மா ஒருக்காப் பாரும்!’

நமது பேச்சு வழக்கிலே ‘சும்மா’ என்னுஞ் சொல்லுக்குள்ள பொருள் விரிவு வேறெந்தச் சொல்லுக்கும் இல்லை எனலாம். தொழிலின்றி இருப்பவன் சும்மா இருக்கிறான். விலையின்றிக் கிடைப்பது சும்மா கிடைக்கிறது. வாய் பேசாது அமைவதும் சும்மா இருத்தலே. இம்மூன்று பொருளும் ஒரே வேளையில் ஒருவர்மீது வந்து இறங்கும் வாக்கியம் ஒன்று இன்று நம் வீடுகளிலே நாள்தோறும் கேட்கின்றது: “தம்பி, நீர் கொம்பியூட்டர் படிச்சனீர்தானே, இதைச் சும்மா ஒருக்காப் பாரும்.” கேட்பவரின் எண்ணத்திலே தம்பி தொழிலின்றி இருக்கிறார், அவர் செய்யப்போவது விலையில்லாதது, செய்து முடித்தபின் அவர் வாய் பேசாது எழுந்து போகவேண்டும்.

இந்த வேண்டுகோளை ஒரு சிறு விடயமென்று தள்ளிவிடுவது எளிது. ஆயினும் ஒரு சமூகம் தன் நடுவில் வாழும் தொழிலாளியின் உழைப்பை எவ்வாறு மதிக்கின்றது என்பது பெரிய பிரகடனங்களிலே தெரிவதில்லை. இத்தகைய சிறு வேண்டுகோள்களிலேதான் தெரிகின்றது. ஆதலின் இதனைச் சற்று ஆராய்வது தகும்.

முதலிலே ஒரு மயக்கத்தைத் தெளிவிக்கவேண்டும். மொறட்டுவையிலோ யாழ்ப்பாணத்திலோ கணினியியல் பயின்று வெளிவரும் பட்டதாரி ஒருவர் பெரும்பாலும் மென்பொருள் எழுதுகின்றவர். வங்கிக் கணக்குகளை ஆளும் நிரல்களை எழுதுபவர். அல்லது அவற்றின் பிழைகளைச் சோதிப்பவர். உங்கள் வீட்டு அச்சுப்பொறி ஏன் தாளை விழுங்குகின்றது என்பதை எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குக் கற்பிக்கவில்லை. கண் வைத்தியரிடம் சென்று பல்லைப் பிடுங்கித் தரும்படி எவரும் கேட்பதில்லை. இலக்கண ஆசிரியரிடம் அச்சியந்திரத்தைக் கழற்றிப் பூட்டித் தரும்படி கேட்பாருமில்லை. கணினி என்ற ஒரு சொல்லின்கீழ் பத்துத் தொழில்கள் அடங்கியிருப்பதை நாம் இன்னும் அறிந்துகொள்ளவில்லை.

இக்குறை நம்மவர்க்கு மாத்திரம் உரியதென்று எண்ணிவிடவேண்டாம். அமெரிக்காவிலே திங்கீக் என்னும் வணிக நிறுவனம் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு மேற்சட்டையை விற்றது. ‘இல்லை, உங்கள் கணினியை நான் திருத்தித் தரமாட்டேன்’ என்பதே அதன் மார்பில் அச்சிடப்பட்டிருந்த வாசகம். ஒருவர் தம் மறுப்பை நெஞ்சிலே எழுதிக்கொண்டு நடமாட வேண்டியிருந்ததென்றால் வேண்டுகோள்கள் எத்துணை நெருக்கியிருக்கவேண்டும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அக்காலத்தில் அதற்குக் காரணங்களும் இருந்தன. 2003ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே ‘பிளாஸ்டர்’ என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. அது புகுந்த கணினி அறுபது விநாடிகளை எண்ணிக்காட்டித் தானாகவே நின்று மீளத் தொடங்கும், மீண்டும் நிற்கும். அந்நிரல் நுழைவதற்கு இடமளித்த ஓட்டை மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் மென்பொருளிலே இருந்தது. வீடுகள்தோறும் அந்த ஓட்டையை அடைத்தவர்களுள் எத்தனையோ பேர் கூலியின்றி அழைக்கப்பட்ட மருமக்களும் அயல்வீட்டுப் பிள்ளைகளுமே.

ஈண்டு நாம் கவனிக்கவேண்டிய உண்மை ஒன்றுண்டு. பொருளைச் செய்து விற்றவன் இலாபத்தைப் பெறுகிறான். அதனைப் பேணும் சுமை சுற்றத்தாருள் படித்தவன் ஒருவன் தலையிலே விழுகின்றது. 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியோடு அதே நிறுவனம் விண்டோஸ் 10 என்னும் பதிப்புக்கான வழமையான ஆதரவை நிறுத்தியது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11 குறிப்பிட்டதொரு பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய பொறிகளை முறைப்படி ஏற்பதில்லை. நன்றாக இயங்கிக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகள் ஒரே நாளில் ‘என்ன செய்வது?’ என்னும் கேள்வியாயின. கேள்வி அமெரிக்காவுக்குப் போகவில்லை; தம்பியிடமே வந்தது.

இப்பத்திரிகையின் இலக்கியப் பக்கத்தைப் படிப்போர் இந்நிலையை அறியாதவரல்லர். ஒரு காலத்தில் ஊருக்கு ஒருவராக இருந்த ஆங்கிலந் தெரிந்த ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். கந்தோருக்கு விண்ணப்பம் எழுதவேண்டுமா, ஓய்வூதியப் படிவம் நிரப்பவேண்டுமா, தந்தி வந்துவிட்டதா, எல்லாவற்றுக்கும் அவர் வீட்டுப் படலையே திறக்கப்பட்டது. யாப்புத் தெரிந்த பண்டிதரின் நிலையும் அதுவே. ஊரில் ஒருவர் இறந்தால் அந்தியேட்டிக்குக் கல்வெட்டுப் பாடவேண்டும். திருமணம் என்றால் வாழ்த்துப்பா இயற்றவேண்டும். “உமக்கென்ன ஐயா, அரை மணித்தியால வேலை” என்று சொல்லியே கேட்டனர். இன்றைய கணினித் தம்பி அவர்களின் வாரிசே ஆவார்.

ஆயினும் வாரிசுரிமையிலே ஒரு பாதிதான் அவருக்குக் கிடைத்திருக்கின்றது. விண்ணப்பம் எழுதிய ஆசிரியருக்குப் பணம் கொடுபடாவிடினும் மதிப்புக் கொடுக்கப்பட்டது. கலியாண வீட்டிலே முன்வரிசை, தோட்டத்து முதற்குலை, சொல்லுக்கு ஒரு நிறை என்பன அவருக்கு உரியனவாயிருந்தன. கல்வெட்டின் அடியிலே புலவரின் பெயர் அச்சாகியது. மேலும் எழுதிய விண்ணப்பம் அன்றோடு முடிந்தது. கணினியோ முடிவதில்லை. ஒரு தரம் தொட்டவர் அதன் ஆயுட்காலம் முழுவதற்கும் பொறுப்பாளி ஆகிறார். இன்று எழுத்துருவைச் சேர்த்துக் கொடுத்தால், ஆறு மாதம் கழித்துப் பொறி சூடேறி நின்றபோதும், “நீர் பார்த்த நாள் தொடக்கம் இது சரியில்லை” என்னும் வழக்கு அவர்மேல் எழும். கூலியில்லாத வேலைக்கு உத்தரவாதம் மட்டும் உண்டு!

‘அரை மணித்தியாலம்’ என்னும் கணக்கும் ஆராயத்தக்கதே. கணினியின் வன்தட்டு ‘டிக் டிக்’ என ஒலிக்கின்றது. பிள்ளையின் படங்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. பொறியை மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பதே அதனை முற்றாகக் கொல்லக்கூடும். அறிந்தவர் முதலில் அத்தட்டிலுள்ளதை வேறொரு தட்டிலே பிரதி செய்து, அப்பிரதியின்மீதே தேடுதலை நடத்துவர். அதற்கு ஓர் இரவு முழுவதுஞ் செல்லலாம். இன்னுமோர் உதாரணம் நம் எழுத்தாளர்க்கு நெருங்கியது. பாமினி எழுத்துருவிலே தட்டெழுதப்பெற்ற நூலொன்றின் கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தோன்றும். அதனை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் உண்டு. மாற்றுவது ஒரு நொடி. ஆனால் இடையே உண்மையான ஆங்கிலச் சொற்கள் கலந்திருந்தால் அவையும் தமிழெழுத்துகளாய் உருக்குலையும். பின்னர் இருநூறு பக்கத்தையும் இருந்து மெய்ப்புப் பார்த்தல் வேண்டும். வெளியீட்டு விழாவின் நன்றியுரையிலே அச்சகத்தாருக்கும் ஒலிபெருக்கி உரிமையாளருக்கும் இடமுண்டு. மெய்ப்புப் பார்த்தவர் பெரும்பாலும் மறக்கப்படுவார்.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். “உறவென்றும் ஊரென்றும் நாம் வாழ்வது எதற்காக? எல்லாவற்றுக்கும் விலை பேசினால் நாம் மேனாட்டார் ஆகிவிடமாட்டோமா? வள்ளுவர் ஒப்புரவு அறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுக்கவில்லையா?” என்பர். தடை மதிக்கத்தக்கதே. ஆனால் வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார் என்பதை அவர்கள் உடன் நினைவுகூர்தல் நலம். ஒப்புரவு என்பது செய்பவனுக்குச் சொல்லப்பட்ட அறம். அதனைப் பெறுபவன் தன் உரிமையாகக் காட்டிக் கேட்கத் தொடங்கினால் அது அறமென்னும் பெயரை இழந்துவிடும்.

பழைய ஊர் வாழ்வைப் புகழ்ந்து பேசுவோர் அதன் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. யாழ்ப்பாணத்துக் குடிமை முறையிலே சலவை செய்தவருக்கும் முடி திருத்தியவருக்கும் அறுவடையில் நெல்லும் சடங்குகளில் உரிய வரிசையும் கொடுக்கப்பட்டன என்பது மெய். அத்தொழிலை மறுக்கும் சுதந்திரம் அவர்க்கு இருக்கவில்லை என்பதும் மெய். அழைத்தவுடன் வரவேண்டும், கேட்டதைச் செய்யவேண்டும், கொடுத்ததைப் பெறவேண்டும் என்ற அந்த மனப்பாங்கு சட்டங்களாலும் போராட்டங்களாலும் பெரிதும் தளர்ந்துவிட்டது. எனினும் தொழில்வல்லார் ஒருவரைக் காணும்போது, ‘இவர் நமக்குச் செய்யக் கடமைப்பட்டவர்’ என்று எழும் எண்ணம் முற்றாக மாயவில்லை. வேண்டுகோளின் உடை அணிந்துவரும் கட்டளையில் அந்தப் பழைய குரலே கேட்கின்றது. மறுத்தால் “படிச்ச திமிர்” என்று பெயர் சூட்டுவதும் அக்குரலே.

கணினி வல்லார் இலவசமாக உழைக்க மனமில்லாதவர் என்று எவரேனும் கருதினால் அவர் இந்நாட்டின் அண்மைக்கால வரலாற்றை அறியாதவர். 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை நமது கரைகளை அழித்தபோது, இலங்கையின் மென்பொருள் வல்லுநர் பலர் தொண்டர்களாகத் திரண்டு ‘சஹானா’ என்னும் மென்பொருளை ஆக்கினர். காணாமற்போனோரின் பெயர்கள், முகாம்களின் விபரம், நிவாரண நிறுவனங்களின் பட்டியல் ஆகியவற்றை ஒருங்கிணைக்க அது உதவியது. நிவாரணம் என்னும் பொருளுடைய சிங்களச் சொல்லே அதன் பெயர். பின்னர் வேறு நாடுகளின் பேரிடர்களிலும் அது பயன்பட்டது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகமும் தொண்டர்களின் உழைப்பிலே எழுந்ததன்றோ? ஈழத்துப் பழைய சஞ்சிகை ஒன்றைத் தேடும் மாணவன் இன்று அங்குதான் செல்கின்றான்.

இவற்றிலே ஈடுபட்டோர் தம் நேரத்தைத் தாமே அளந்து கொடுத்தனர். எதற்காகக் கொடுக்கின்றோம் என்பதையும் அறிந்திருந்தனர். வெளிநாட்டு நிறுவனத்தின் நேரத்துக்கு இசைந்து இரவெல்லாம் வேலை செய்துவிட்டு, விடியலில் உறங்கப்போகும் இளைஞரை எழுப்பி, “எங்கட வை-பை வேலை செய்யுதில்லை” என்று சொல்வதை இத்தொண்டோடு ஒருதட்டில் நிறுத்துவது நியாயமாகாது.

வேறொருவரின் வயிற்றுப்பாடும் இதில் அடங்கியிருக்கின்றது. நகரத்துக் கடைத்தெருவிலே சிறு அறையொன்றை வாடகைக்கு எடுத்துக் கணினி திருத்துபவர் இருக்கிறார். வாடகை, மின்கட்டணம், உதிரிப்பாகங்கள் என அவருக்கு ஆயிரம் செலவு. அவருடைய ஐந்நூறையும் ஆயிரத்தையும் மிச்சம் பிடிப்பதற்காகவே நாம் தம்பியை அழைக்கிறோம். வசதி படைத்தவர் வீட்டிலே இலவசமாகத் திருத்தப்படும் ஒவ்வொரு பொறியும் அக்கடைக்காரரின் சட்டியிலிருந்து ஒரு பிடி அரிசியை எடுக்கின்றது. அமெரிக்காவிலே 1994ஆம் ஆண்டில் றொபேட் ஸ்ரீபன்ஸ் என்பவர் மினியாபொலிஸ் நகரில் ‘கீக் ஸ்குவாட்’ என்னும் வீடுதேடிச் சென்று கணினி திருத்தும் சேவையை ஆரம்பித்தார். 2002இல் பெஸ்ட் பை என்னும் பெருங்கடை நிறுவனம் அதனை வாங்கியது. இது கூலி பெறத்தக்க தொழில் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இவ்வளவு சொல்லியபின், எவருக்கும் எதனையும் இலவசமாகச் செய்யலாகாது என்பதே நமது கட்சி என்று கொள்ளவேண்டாம். பிள்ளைகள் அனைவரும் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, தனித்திருக்கும் தாய்க்குக் கைத்தொலைபேசி ஒரு விளையாட்டுப் பொருளன்று. பேரனின் முகம் அதற்குள்ளேதான் இருக்கின்றது. அது நின்றுபோனால் கூலி பேசுவது மனிதத்தன்மையாகாது. 2020 மார்ச் மாதத்தில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, முப்பது ஆண்டு கரும்பலகையோடு பழகிய ஆசிரியர் திரையின்முன் அமர்ந்து கற்பிக்க நேர்ந்தது. அவர்க்கு அருகிலிருந்து கற்றுக்கொடுத்த இளைஞர்கள் செய்தது நற்பணி, அதற்கு விலையில்லை. அங்கே இருந்தது தேவை. பிறவிடங்களில் பெரும்பாலும் இருப்பது வசதி. இவ்விரண்டையும் வேறுபிரித்து அறிதல் கேட்பவரின் பொறுப்பாகும்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? நெதர்லாந்திலே மாட்டீன் போஸ்ட்மா என்னும் பெண்மணி 2009ஆம் ஆண்டில் அம்ஸ்ரடாம் நகரில் ‘திருத்தும் நிலையம்’ ஒன்றைக் கூட்டினார். பழுதான பொருளோடு வருபவர் அதனை விட்டுவிட்டுப் போவதில்லை. திருத்தும் தொண்டரோடு ஒரே மேசையில் அமர்ந்து தாமும் கற்றுக்கொள்கிறார். இம்முறை பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது. நம் ஊர்களிலே சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. அவற்றில் மேசைகளும் வாங்குகளும் உள்ளன. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, விரும்பிய இளைஞர்கள் அங்கே அமரலாம். கேட்பவர் தம் பொறியைச் சுமந்து அங்கு செல்லட்டும். அருகிலிருந்து பார்க்கட்டும், அடுத்த முறை தாமே செய்யப் பழகட்டும். அதனால் உதவி ஊருக்குப் பொதுவாகும். எந்த ஒரு வீட்டுப் பிள்ளையும் அதற்கு அடிமையாகான்.

அதுவரையில் கேட்போர் கைக்கொள்ளத்தக்க முறைகள் சிலவே. முதலில், உமக்கு நேரமுண்டோ என்று வினாவுதல். அவர் வசதிப்படும் நாள்வரை காத்திருத்தல். வாங்கவேண்டிய உதிரிப்பாகத்துக்குப் பணத்தை முன்னரே கையில் வைத்தல். அரிய படங்களுக்கும் கையெழுத்துப் பிரதிகளுக்கும் வேறோரிடத்தில் பிரதி எடுத்துவைத்தல். இயலாது என்று அவர் சொன்னால் முகங்கோணாது கடைக்குச் செல்லுதல். கணினி கற்றோருக்கும் ஒரு சொல்: செய்வதாயின் மனம் விரும்பிச் செய்யுங்கள், செய்யாவிடின் அதனைத் தெளிவாகக் கூறுங்கள். நாளை, நாளை மறுதினம் என்று பல மாதம் இழுத்தடிப்பது மறுப்பினும் கொடியது.

நம் ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக விண்ணப்பம் எழுதியும் கல்வெட்டுப் பாடியும் ஊருக்கு உழைத்தவர்கள். அந்த உழைப்பு எத்துணை எளிதாக மறக்கப்பட்டது என்பதை அவர்களைவிட நன்கறிந்தவர் இலர். ஆகவே இவ்வழக்கத்தைத் திருத்தும் பணி அவர்களிடமிருந்தே தொடங்கவேண்டும் என்பது நமது விருப்பம். அடுத்த முறை உங்கள் பழைய மாணவர் ஒருவரிடம் மடிக்கணினியை நீட்டும்போது, அந்த வாக்கியத்திலிருந்து ‘சும்மா’ என்னும் ஒரு சொல்லை மட்டும் நீக்கிக் கேட்டுப் பாருங்கள்.