பிறைமரி எங்க முடியுது?

எங்களில் ஒருத்தியின் சித்தி மகள் லண்டனில் ‘இயர் 6’ படிக்கிறாள். “அப்ப ஸ்கொலர்ஷிப் பாஸோ பிள்ளை?” என்று அம்மம்மா ஃபோனில் கேட்டா. அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

எங்களுக்குப் பிறைமரி எண்டால் தரம் 1 முதல் 5 வரை. இங்கிலீஷ் பேசும் நாடுகளில் எல்லாம் ஒரே கணக்கு இருக்குமென்று நினைத்தால், இல்லை. இங்கிலாந்தில் நாலு வயதில் ‘றிசெப்ஷன்’, பதினொன்றில் முடிவு. ஸ்கொட்லாந்தில் ஏழு வருடம், அயர்லாந்தில் எட்டு. அமெரிக்காவில் ‘எலிமென்டரி’ என்பார்கள், அது எந்த வகுப்போடு முடியும் என்பது ஊருக்கு ஊர் மாறும். நியூசிலாந்தில் பல பாடசாலைகளில் ஐந்தாவது பிறந்தநாள் முடிந்த கையோடு பிள்ளை வகுப்புக்கு வந்துவிடும், ஜனவரி வரை காத்திருக்கத் தேவையில்லை. (எங்களுக்குப் பிடித்தது இதுதான்.)

வயதுக் கணக்கு எப்படியும் இருக்கட்டும். கடைசியில் வாசலில் என்ன நிற்கிறது என்பதுதான் எங்கட கேள்வி. 1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்திலும் பதினொரு வயதுப் பிள்ளைகளைப் பரீட்சை வைத்துப் பிரித்தார்கள். பாஸானால் கிராமர் பாடசாலை, இல்லையெண்டால் வேறு வழி. பிறகு பெரும்பாலான இடங்களில் அதைக் கைவிட்டார்கள். சித்தி மகளின் பகுதியிலும் அது இல்லை. ஆனால் கென்ற் மாவட்டத்தில் இன்றைக்கும் இயர் 6 தொடங்கின செப்டெம்பரிலேயே தேர்வு. அதற்கு முதலே ரியூசன். ஒரே நாடு, ஒரே ‘பிறைமரி’, ரெண்டு விதமான பிள்ளைப் பருவம்.

வட அயர்லாந்துக் கதை இன்னும் முக்கியம். அரசு நடத்திய தேர்வு 2008 உடன் நின்றது. கிராமர் பாடசாலைகள் அப்படியே இருந்தன. தாங்களே தேர்வு வைக்கத் தொடங்கிவிட்டன. இங்கே “புலமைப்பரிசிலை நிப்பாட்டுங்கோ” என்று சொல்லும்போது நாங்கள் இதை மறந்துபோகிறோம். பெயர்பெற்ற நாலு பாடசாலைக்கும் பக்கத்து ஊர்ப் பாடசாலைக்கும் இடையில் இவ்வளவு தூரம் இருக்கும்வரை, பரீட்சையை எடுத்தால் அந்த இடத்துக்கு வேறொன்று வரும்: நன்கொடை, சிபாரிசு, விலாசம். வசதியில்லாத பிள்ளைக்கு இருக்கிற ஒரே கதவும் சிலவேளை அந்தப் பரீட்சைதான். அதனால் முதலில் பக்கத்துப் பாடசாலையைத் திருத்தச் சொல்லிக் கேட்போம்.

அம்மம்மாவுக்கு விளங்கப்படுத்தினோம். “அப்ப அந்தப் பிள்ளை பின்னேரத்தில என்ன செய்யும்?” எண்டு கேட்டா. விளையாடும் என்றோம். நம்பவில்லை. தரம் 4 படிக்கிற பேரன் அப்போதுதான் ரியூசனால் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தான்.