காவலர்க்குத் துணை

நாட்டின் எல்லையைக் காப்பவை படைக்கலங்கள் என்பர். அப்படைக்கலத்தை ஏந்தும் கைக்கு வலிமை தருவது உள்ளம். உள்ளத்திற்கு உரமூட்டுவது ஊர்.

திண்டுக்கல்லில் உயர்ந்து நிற்கும் மலைக்கோட்டை இவ்வுண்மைக்குச் சான்றாகும். 1755ஆம் ஆண்டில் ஐதர் அலி இங்குப் படைத்தலைவராய் அமர்ந்தார். பாறையின் உச்சியில் நின்ற காவலர் உண்ட தானியம் பாறையில் விளைந்ததன்று. கீழே பரந்த சமவெளியில் உழவர் விளைவித்ததே.

இன்று எல்லை நெடுந்தொலைவில் உள்ளது. 1962இல் தோன்றிய இந்தோ-திபெத் எல்லைக் காவற்படையினர் இமயப் பனியில் நிற்கின்றனர். 1965இல் தோன்றிய எல்லைப் பாதுகாப்புப் படையினர் தார்ப் பாலையின் வெயிலில் நிற்கின்றனர். பனியும் வெயிலும் உடலை வருத்தும். தனிமையோ உள்ளத்தை வருத்தும். முன்னாளில் அத்தனிமைக்கு மருந்தாக விளங்கியது வீட்டுக் கடிதம். இந்நாளில் கைப்பேசி அவ்விடத்தைப் பெற்றுள்ளது. 2016ஆம் ஆண்டுத் தீபாவளியின்போது, வீரர்க்கு வாழ்த்து அனுப்புமாறு பிரதமர் நரேந்திர மோடி வேண்டினார். மக்கள் பலர் சமூக ஊடகங்கள் வழியாக வாழ்த்தினர்.

நாடு தன்னை மறக்கவில்லை என்னும் எண்ணம் காவலனுக்கு ஊக்கம் அளிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அத்தகைய வாழ்த்து கோடை மழை போன்றது. போர்ச் செய்தி வரும்போது பொழியும். செய்தி மறைந்ததும் ஓய்ந்துவிடும். திண்டுக்கல் சமவெளி உழவர் மழையை மட்டும் நம்பியிருப்பதில்லை. கிணறும் வெட்டி வைப்பர். காவலனுக்குக் கிணறு போன்றவை அவன் வீடும் ஊருமே. நோயுற்ற தாயை அயலார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர், வயலுக்கு நீர் பாய்ந்தது, பிள்ளை தவறாது பள்ளி செல்கிறது என்னும் செய்திகள் தரும் மனவுறுதியை ஆயிரம் விருப்பக் குறிகளும் தரமாட்டா.

அன்றியும், ஆராயாது பரப்பும் செய்தி தீங்கு விளைக்கும். பொய்யான இறப்புச் செய்தி ஒரு குடும்பத்தையே நிலைகுலையச் செய்யும். படை செல்லும் இடத்தைக் காட்டும் படம் பகைவர்க்கு வழிகாட்டும். மறைசெய்திகள் கசியாதிருக்க வேண்டியே, 2020இல் இந்திய இராணுவம் முகநூல் உள்ளிட்ட 89 செயலிகளை நீக்குமாறு வீரர்க்கு ஆணையிட்டது. திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பூட்டின் பயன் கதவை என்றும் அடைத்து வைப்பதன்று. உரியவர்க்குத் திறந்து, அல்லாதார்க்கு அடைப்பதே. கைப்பேசியில் இயங்கும் விரலுக்கும் அத்தகைய பூட்டு வேண்டும்.

1949 முதல் டிசம்பர் 7ஆம் நாள் கொடிநாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று நிதி வழங்குதல் நற்செயல். ஏனைய நாள்களில் காவலன் வீட்டாரின் நலம் உசாவி உதவுதல் அதனினும் நற்செயல். எல்லையில் அவன் விழித்திருக்கிறான். அவன் வீட்டைக் காக்க ஊர் விழித்திருத்தல் வேண்டும்.