நெற்பயிர் மஞ்சளித்தலும் பச்சைத் தத்துப்பூச்சியும்

எருமப்பட்டிப் பக்கத்துக் கிணற்றுப் பாசன வயல்களில் நட்ட நெல் மஞ்சளித்தால், குடியானவர் முதலில் நினைப்பது உரக்குறைவையே. யூரியாவை இறைக்கிறார்; பச்சை கட்டாவிடில் மீண்டும் இறைக்கிறார். காரணம் துங்ரோ என்னும் வைரஸ் நோயாயின், அச்செலவு வீண். தழைச்சத்து மிகுந்த பயிரைத் தத்துப்பூச்சி நாடி வருமாதலால் தீங்கும் பெருகும்.

ஐயத்தைத் தீர்க்க எளிய வழியுண்டு. காலை 6 மணிக்கு முன் இலை நுனியை 10 செ.மீ. நீளம் கிள்ளி, 100 மி.லி. நீரில் 2 கிராம் அயோடினும் 6 கிராம் பொட்டாசியம் அயோடைடும் கரைத்த கரைசலில் 15 நிமிஷம் ஊறவைத்துக் கழுவிப் பார்த்தால், நோயுற்ற இலையில் கருநீலக் கோடுகள் தோன்றும்.

இந்நோய் விதையாலோ மண்ணாலோ பரவுவதன்று. பச்சைத் தத்துப்பூச்சியே இதனைப் பரப்புகின்றது என்பதைப் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 1965-ல் வெளியிட்டனர். நோயுற்ற செடியில் சிறிது நேரம் சாறு உறிஞ்சிய பூச்சி, சில நாட்கள் அதனைச் சுமந்து திரியும். ஆனால் முட்டை வழியே நோய் இறங்குவதில்லை. ஆதலால் ஒவ்வொரு தலைமுறைப் பூச்சியும் நோயைப் புதிதாக ஒரு செடியிலிருந்தே பெற வேண்டும். அறுவடைக்குப் பின் உழாது விட்ட தாளில் துளிர்க்கும் மறுதாம்பு அதற்கு இடங்கொடுக்கின்றது. மாட்டுக்கு நாலு நாள் மேய்ச்சலாகுமென்று ஒருவர் விட்டுவைத்த தாள், அடுத்தவர் நாற்றங்காலுக்கு நஞ்சாகிவிடுகின்றது.

1984-ல் செங்கற்பட்டு முதலிய வட மாவட்டங்களில் இந்நோய் பெருவாரியாகப் பரவியபோது, தனித்தனியே மருந்தடித்தவர்கள் தத்தம் வயலைக் காத்தல் அரிதாயிற்று. பக்கத்து வயலிலிருந்து பூச்சி வந்துகொண்டே இருக்குமாயின் ஒருவர் மருந்து எத்தனை நாள் நிற்கும்? ஆகவே இது ஊரார் கூடிச் செய்யவேண்டிய காரியம். நாற்று விடுமுன் கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் கிணற்றுக்காரர்களைக் கூட்டி, நடவை இரண்டு மூன்று வாரங்களுக்குள் முடிக்கும்படி ஏற்பாடு செய்தல் வேண்டும்.

எல்லாக் கிணறும் ஒரே நாளில் ஊறுவதில்லை என்னும் ஆட்சேபணை நியாயமானதே. எனினும் அறுத்த வயலின் ஈரம் காயுமுன் தாளை மடக்கி உழுவதற்குக் கிணறு ஊறவேண்டியதில்லை. 20 சென்டு நாற்றங்காலுக்கு 12½ கிலோ வேப்பம்புண்ணாக்கு அடியுரமாக இடுவதும் எவர்க்கும் இயலும். நாற்றங்காலைத் தெருவிளக்கின் அருகே அமைத்துவிட்டுப் பின் பூச்சியை நோவதிற் பயனில்லை. வெளிச்சத்தைத் தேடி வரும் பூச்சி, விளக்கடியிலுள்ள நாற்றிலேயே இறங்குகின்றது.